நெயில் பாலிஷ் கோடு

சைக்கிள் கடைக்காரனுக்கு வாடிக்கையாளரின் முகம் மறந்துபோகும், கால் மறக்காது. கல்லாவுக்குப் பின்னால் நின்று அல்லல்படும் அன்பர்களே, நீங்கள் விற்பது துணியோ செருப்போ, என் கதை உங்களுக்குப் புரியும். பெரிய மார்க்கெட் பக்கத்தில் எனக்குக் கடை. மெக்கானிக் ஜபார் பாய். எங்கள் உயிரை வாங்குவது பிரேக்கும் இல்லை, செயினும் இல்லை. சீட்டைத் தாங்குகிற குழாய் இருக்கிறதே, சீட் பைப், அதுதான்.

பாய் கை

சீட் உயரத்துக்கு ஜபார் பாயிடம் ஒரு கணக்கு உண்டு. சீட்டின் மேல் கம்புக்கூட்டை வைத்துக் கையை நீட்டினால், விரல் நுனி பெடல் சுற்றும் அச்சைத் தொட வேண்டும். அருமையான கணக்கு. ஆனால் ஓட்டுகிறவர் கையால் அளக்க வேண்டும். பாய் மும்முரத்தில் தன் கையாலேயே அளந்துவிடுவார். அவர் கையோ பரணில் இருக்கும் டப்பாவை ஸ்டூல் போடாமல் எடுக்கிற கை.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர், ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு, புது சைக்கிள் வாங்கினார். பாய் அளந்தார், இழுத்தார், முறுக்கினார். நாங்கள் இருவரும் தாங்கிப் பிடித்து ஏற்றிவிட்டோம். தெருக்கோடி வரை ராஜாவாகப் போனார். திரும்பி வந்தார். கடையைத் தாண்டிப் போனார். மறுபடி வந்தார். மூன்றாம் சுற்றில் கத்தினார்: "பாய், ஏத்தி வுட்டுட்டீங்க சரி, எறக்கி வுட யாரு வருவா?"

அக்காவின் கோடு

லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸ் கலைச்செல்வி அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, அரசாங்க ஆபீஸில் வேலை. ஞாயிறு காலையில் அவர் ஆபீஸ் பெண்களெல்லாம் சைக்கிளில் கடற்கரைக்குப் போவார்கள். அக்கா மட்டும் பாதி வழியில் முட்டி வலித்து உட்கார்ந்துவிடுவார். அவர் கணவர் ஸ்கூட்டரில் போய் ஏற்றிக்கொண்டு வருவார். இன்னொரு தடவை இப்படி ஆனால் சைக்கிளை விற்றுவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அக்காவுக்குக் கண் கலங்கியது, எனக்கும் கஷ்டமாகிவிட்டது.

காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. சீட் தாழ்ந்துபோய், மிதிக்கும்போது முட்டி முகவாயை இடிக்காத குறை. ஏற்ற வேண்டும் என்றேன். சின்ன வயதில் விழுந்த பயம், இரண்டு பாதமும் தரையில் படிந்தே தீர வேண்டும் என்றார். கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்தார். பைப் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் அழகாக ஒரு கோடு போட்டார். "தம்பி, எண்ணெ போடுங்க, காத்து அடிங்க. இந்தக் கோடு மட்டும் இங்கருந்து மேல ஏறிச்சு, நான் வேற கடைக்குப் போயிடுவேன்."

ஃபேன்சி ஸ்டோர்

அக்கா சனிக்கிழமைதோறும் சைக்கிளை எங்களிடம் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குள் காய் வாங்கப் போவார். அந்த நேரத்தில் நாங்கள் திருடர்களானோம். வாரம் ஒரு விரற்கடை ஏற்றுவது, பழைய கோட்டைத் தின்னரால் துடைப்பது, புதுக் கோடு போடுவது. பாய் தெருவைப் பார்த்துக்கொள்வார், நான் பிரஷ்ஷைப் பிடிப்பேன். சிரிப்பு வேறு வந்து தொலைக்கும்.

இதற்காக ஃபேன்சி ஸ்டோரில் நெயில் பாலிஷ் வாங்கப் போனேன். கடைக்காரர் பத்து நிறத்தைப் பரப்பி, யாருக்கு என்றார். யோசிக்காமல் சைக்கிளுக்கு என்றேன். மனிதர் சிரிக்காமல் ஒரு சிவப்பை எடுத்துக் கட்டினார். "அப்டியே ஒரு ஜோடி கம்மலும் காட்டவா சார்?"

செயலி சொன்ன உயரம்

நடுவில் ஒரு கல்லூரி மாணவர். எங்கள் கையளவையெல்லாம் பத்தாம்பசலி, தன் போன் செயலியில் கணக்கு இருக்கிறது என்றார். சுவரோரம் நின்று, கால்களுக்கு நடுவே என் பில் புக்கைச் சொருகி, தரையிலிருந்து அளந்தார். அதன்படி நீளமான பைப் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் நொண்டிக்கொண்டு வந்தார், செருப்பில்.

முந்தின நாள் அவர் போட்டிருந்தது இரண்டு விரல் தடிமன் அடியுள்ள ஷூ. அதோடு அளந்துவிட்டு, ஓட்டியது செருப்புக் காலில். அதைச் சொன்னால் ரோஷம் வந்துவிட்டது. "ஆப்பு சொன்னது கரெக்ட்தாண்ணே, என் காலுதான் தப்பா இருக்கு."

மெரூன்

அக்கா ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கூடுதல் தூரம் போனார். முட்டி தைலத்தால் சரியாகிறது என்று எங்களிடமே சொன்னார். நாங்களும் தைலத்தைப் புகழ்ந்தோம். ஆனால் ஒரு சனிக்கிழமை மாட்டிக்கொண்டோம். இதற்கு மேல் இழுக்காதே என்று பைப்பிலேயே ஒரு கோடு பொறித்திருப்பார்கள். மீறினால் ஓட்டும்போது பைப் வளையும், ஆள் விழுவார். அந்தக் கோடு வந்துவிட்டது. இன்னும் ஒரு விரற்கடை தேவை. நீளமான பைப்தான் போட வேண்டும், அதுவோ பளபளவென்று புதுசு. எந்தப் பாலிஷாலும் மறைக்க முடியாது.

அக்கா கீரைக்கட்டோடு வந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஜபார் பாய் காற்று நிறைந்த டியூபுக்கே காற்றடிக்க ஆரம்பித்தார். அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்னோடது மெரூன், நீங்க அடிச்சது செவப்பு. மொத வாரமே தெரியும் தம்பி. கேட்டு ஏத்தினா பயம் வந்துடும்னுதான், காய் வாங்கின பின்னாலயும் மார்க்கெட்டையே சுத்திட்டு இருந்தேன். நீளமாவே போடுங்க."

கேரியர்

மறுநாள் காலை எட்டு மணிக்கு போன் அடித்தது. அக்காவின் கணவர். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கூட்டரில் பின்னாலேயே போயிருக்கிறார். விழுந்துவிட்டாரா என்றேன். இல்லை, அக்கா கடற்கரையில் அலையைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிறார், பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்து நின்றது இவர்தான். சைக்கிளை விற்பது பற்றிப் பேச்சே இல்லை. "வந்து கூட்டிட்டுப் போம்மான்னா, கேரியர் இல்லையேன்றா. அண்ணே, நாளைக்கே ஒண்ணு மாட்டி வுட்டுடுங்க."

இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், சீட் பைப்பின் நீளத்தைக் கடைக்காரன்தான் முடிவு செய்கிறான் என்று கடைக்காரன் மட்டுமே நம்பிக்கொண்டிருக்கிறான் என்பதுதான்.