நான் எழுதாத மன்னிப்பு

"வீட்டாளுங்ககிட்ட என்ன ரகசியம்?" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று கோபம் ஏறுகிறது. சிரித்துக்கொண்டு சொன்னாலும் சரி, அன்பாகச் சொன்னாலும் சரி. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் என் வாயை அடைத்தார்கள். சாவியை நானே அவர்கள் கையில் கொடுத்துவிட்டேனாம். அதையும் சொல்லிச் சொல்லிக் காட்டினார்கள்.

என் நட்சத்திரம் அனுஷம், விருச்சிக ராசி. இதை இப்போது ஊரறியச் சொல்வதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதை வைத்து இனிமேல் என்னுடைய எதையும் யாராலும் திறக்க முடியாது.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. மலேசியாவில், லூபோக் சீனா பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் எஸ்டேட்டை விட்டு பாயா ரும்புட்டில் ஒரு மலிவு வீட்டுக்கு வந்திருந்தோம். அப்பா இல்லை. பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஒரு ஃபேக்டரி கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அண்ணன் இன்னொரு ஃபேக்டரியில் டெக்னீஷியன். நான் மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிங் கிளார்க். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மதியம் ஆபீஸ் அடைத்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் மாடியில் இருந்த சைபர் கஃபேக்குள் நுழைந்துவிடுவேன்.

இப்போது வலைப்பூ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது ஹோம்பேஜ்தான். இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பெயரைப் பதிந்துகொண்டு, நமக்கென்று ஒரு பக்கம் திறந்துகொள்ளலாம். என் பக்கம் தமிழில் இருந்தது. சைபர் கஃபே கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து இருக்காது என்பதால் அதை ஒரு ஃபிளாப்பியில் கைப்பையிலேயே வைத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் நான் அதைச் சொருகும்போது கடை முதலாளியான சீனத் தவுக்கே ஓடி வருவார், தன் மெஷினுக்கு என்னமோ நோய் கொண்டு வந்துவிட்டேன் என்பது போல. சுற்றிலும் பையன்கள் துப்பாக்கி விளையாட்டில் கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்துதான் வாரா வாரம் எழுதினேன். கேண்டீனில் அம்மாவின் கை வெந்தது, பஸ்ஸில் பின்னால் வந்து உரசியவன், வக்கீலின் மனைவி என்னை டீ போடச் சொன்னது என்று அன்றாடம் நடப்பதைத்தான் எழுதினேன். யார் பெயரையும் போட்டதில்லை.

பக்கத்தின் அடியில் விருந்தினர் குறிப்பு என்று ஒரு இடம் வைத்திருந்தேன். படிக்கிறவர்கள் அதில் எழுதிவிட்டுப் போகலாம். ஈப்போவிலிருந்து ஒரு டீச்சர் எழுதுவார். சிங்கப்பூரிலிருந்து ஒரு நர்ஸ், கனடாவிலிருந்து ஒரு அக்கா. எங்கள் வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவார். எங்கேயோ இருக்கிற இவர்கள் அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்று கேட்டார்கள். என் வாழ்க்கையில் நான் சொல்லி முடிக்கும்வரை யாராவது காத்திருந்தார்கள் என்றால் அது அங்கேதான்.

அந்தப் பக்கத்தைத் திறந்தபோது கம்பெனி ஒரு கேள்வி கேட்டது. பாஸ்வேர்ட் மறந்துபோனால் உங்களை அடையாளம் காண ஒரு கேள்வியும் பதிலும் வேண்டும், உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும் என்றது. நான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக யோசித்தேன். திருடன் வந்தால் அமெரிக்காவிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோதான் வருவான். அவனுக்கு நம் ஊர் நட்சத்திரத்தைப் பற்றி என்ன தெரியும்? 'என் நட்சத்திரம் என்ன?' என்று கேள்வியை எழுதி, பதிலையும் போட்டேன். பாஸ்வேர்டை மட்டும் யாராலும் ஊகிக்க முடியாத மாதிரி எழுத்தும் எண்ணும் கலந்து வைத்தேன். உலகத்திலேயே பத்திரமான பக்கம் என்னுடையதுதான் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா எங்களைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவார். அர்ச்சனைத் தட்டை நீட்டி, மணிச் சத்தத்தையும் நாதஸ்வர கேசட்டையும் தாண்டிக் கேட்கவேண்டும் என்று என் பெயர், நட்சத்திரம், ராசி மூன்றையும் கத்திச் சொல்வார். குருக்கள் அதை வாங்கி, கமிட்டி புதிதாக மாட்டிய மைக்கில் திரும்பச் சொல்வார். செருப்பு விடுகிற இடத்தில் நிற்பவர்களுக்குக்கூடக் கேட்கும். பாயா ரும்புட்டில் எனக்கு என்ன நட்சத்திரம் என்று தெரியாத தமிழர் யாராவது இருந்தால் அவர் கோயிலுக்கே வராதவராக இருக்கவேண்டும். எனக்கு மட்டும் தெரிந்த பதில்!

தங்கா பத்துவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வந்த நிமிடத்திலிருந்து எங்கள் டிவியில் பந்து விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்த ஜன்னல் வரைக்கும் கொஞ்சம் நடந்து காட்டுமா" என்றார். என் அம்மா என் முழங்கையில் இடித்தார். நான் நடந்தேன். ஜன்னல் வரை போய், திரும்பி வந்தேன். காலில் குறை எதுவும் இல்லை என்று திருப்தியானதும் அந்த அம்மா அடுத்த கேசரித் துண்டை எடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை இதைத்தான் எழுதினேன். கொஞ்சம் நக்கலாகத்தான் எழுதினேன், மறைப்பானேன். மாப்பிள்ளைக்கும் எழுந்து கதவு வரை நடந்து காட்டச் சொல்லியிருந்தால் அந்த விளையாட்டில் ஒரு கோலை அவர் பார்க்காமல் விட்டிருப்பார் என்று எழுதினேன். விருந்தினர் குறிப்பு நிரம்பி வழிந்தது. ஈப்போ டீச்சரை ஊசியில் நூல் கோக்கச் சொன்னார்களாம். சிங்கப்பூர் நர்ஸை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு, பாடி முடிப்பதற்குள் விலை பேச ஆரம்பித்துவிட்டார்களாம். எல்லோரும் சேர்ந்து சிரித்தோம், சேர்ந்து திட்டினோம். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

மாப்பிள்ளையின் தங்கை காலேஜில் படிக்கிறாள் என்பதோ, அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதோ, நான் எழுதியதை எல்லாம் அவள் படித்துவிட்டு வீட்டில் சொல்லிவிட்டாள் என்பதோ எனக்குத் தெரியாது. அவர்கள் என் அண்ணனுக்குப் போன் செய்து, என் பக்கத்தின் முகவரியையும் கொடுத்திருக்கிறார்கள். அதையும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. வீட்டில் அம்மா வழக்கம்போல சோறு போட்டார், அண்ணன் வழக்கம்போல சாப்பிட்டான்.

அடுத்த சனிக்கிழமை ஃபிளாப்பியைச் சொருகி என் பக்கத்தைத் திறந்தேன். நான் எழுதியது ஒன்றுகூட இல்லை. வெந்த கையும் பஸ்ஸில் உரசியவனும் வக்கீல் வீட்டு டீயும் காணாமல் போயிருந்தன. வெள்ளைப் பக்கத்தின் நடுவில் ஆங்கிலத்தில் சில வரிகள் இருந்தன. பெரியவர்கள் மனம் நோகும்படி எழுதியதற்காக வெட்கப்படுகிறேன், என்னை மன்னித்துவிடுங்கள், இனிமேல் எழுத மாட்டேன். கீழே என் பெயர்.

முதலில் எனக்குப் புரியவே இல்லை. நான்தான் எப்போதோ எழுதி மறந்துவிட்டேனோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். பாஸ்வேர்டைப் போட்டேன். தவறு என்றது. திரும்பப் போட்டேன், தவறு என்றது. கேள்வியைக் கேட்கச் சொன்னேன். என் நட்சத்திரத்தைக் கேட்கவில்லை. வேறு ஏதோ ஒரு கார் நம்பரைக் கேட்டது. தவுக்கே என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று மலாயில் கேட்டார். காசை வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் கேட்கும் முன்பே அவனே சொன்னான்.

"ஆமா, நான்தான் செஞ்சேன். என்னா இப்ப?"

"என் பாஸ்வேர்ட் ஒனக்கு எப்புடி தெரியும்?"

"பாஸ்வேர்டு எதுக்குலா? மறந்துட்டேன்னு அமுக்குனேன், நட்சத்திரம் கேட்டுச்சு. போட்டேன், உள்ள விட்டுருச்சு. இதுல என்னா பெரிய மர்மம்?"

அவன் கையில் சோப்பு நுரை. அவன் அதை ஒரு பெருமையோடுகூடச் சொன்னான்.

"நான் எழுதாதத ஏன் என் பேருல எழுதுன?"

"ஒன் பேருன்னா என்னா, வீட்டுப் பேருதானே! அந்த அம்மா போன்ல என்ன கேட்டாங்க தெரியுமா? தங்கச்சிய அடக்க வக்கில்லையான்னு கேட்டாங்க. நான் அப்புறம் மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்கிறது?"

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தார். அவராவது என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். "ஏன் பாப்பா இப்படிக் கத்துற? அண்ணந்தானே செஞ்சான், வேற எவனோவா செஞ்சான்? வீட்டாளுங்ககிட்ட என்ன ரகசியம்?" என்றார்.

எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரை போகாது. பக்கத்து வீட்டில் யார் இருமினாலும் கேட்கும், யார் அழுதாலும் கேட்கும். வேலைக்குப் போகும்போது யாரும் கதவைப் பூட்டியதில்லை. அதையெல்லாம் ஒற்றுமை என்று இன்றைக்கும் பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே அழவேண்டும் என்றால் என் அம்மாவே ரப்பர் மரங்களுக்கு நடுவில் போய்த்தான் அழுதார். அது அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

"சரி, புது பாஸ்வேர்ட குடு" என்றேன்.

"கல்யாணம் ஆவட்டும். மச்சான் வந்து கேட்டா அவருகிட்ட குடுக்கறேன்" என்றான் அண்ணன். விளையாட்டாகச் சொல்லவில்லை. பாசத்தோடு சொன்னான். அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. என் எழுத்தை ஒரு நகை போல எடுத்து வைத்து, வரப்போகிறவனிடம் பத்திரமாக ஒப்படைக்கப் போகிறானாம்.

கம்பெனிக்கு எழுதிப் பார்த்தேன். கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்று மெஷின் திரும்பத் திரும்ப ஒரே பதிலை அனுப்பியது. இதற்குள் விருந்தினர் குறிப்பில் ஆட்கள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். 'இவ்வளவு சீக்கிரம் பயந்துவிட்டாயே தங்கச்சி' என்று கனடா அக்கா எழுதியிருந்தார். 'உன்னை நம்பி என் கதையையும் சொன்னேனே' என்று எழுதியிருந்தார் ஈப்போ டீச்சர். பக்கம் போனதுகூடப் பரவாயில்லை. அவர்கள் அதை நம்பிவிட்டார்கள். நான்தான் மன்னிப்புக் கேட்டேன் என்று நம்பிவிட்டார்கள்.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். என் சொந்தப் பக்கத்தில் நானே விருந்தாளியாகப் போய் எழுதினேன். 'அந்த மன்னிப்பை எழுதியது நான் இல்லை. எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.' மறு சனிக்கிழமை போய்ப் பார்த்தால் அதைக் காணோம். அண்ணன் அழித்துவிட்டான். திரும்ப எழுதினேன், திரும்ப அழித்தான். ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சோறு தின்றுகொண்டு, மாற்றி மாற்றி இதைச் செய்தோம். கடைசியில் அவன் அந்தக் குறிப்பு எழுதும் இடத்தையே மூடினான்.

எல்லோரும் எனக்குத்தான் புத்தி சொன்னார்கள். இவ்வளவு லேசான கேள்வியை வைப்பார்களா என்றாள் ஆபீஸ் தோழி. உள்ளே புகுந்தவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்வி லேசாக இருந்தால் உள்ளே வந்து அழித்துவிட்டு, என் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போகலாம் என்று எந்த ஊரில் சட்டம்?

வேறு கம்பெனியில் புதிதாக ஒரு பக்கம் திறந்தேன். அங்கேயும் ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த முறை பதிலாக ஒரு பொய்யைப் போட்டேன். என்னைப் பெற்றவருக்கும் தெரியாத, கூடப் பிறந்தவன் கனவிலும் நினைக்க முடியாத பொய். பழைய ஆட்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவர்கள் முகவரி எதுவும் என்னிடம் இல்லை. அவர்கள் எல்லோரும் அந்த மூடிய இடத்துக்குள்ளேயே போய்விட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம். அம்மா தட்டை நீட்டினார். குருக்கள் மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து, "பேரு, நட்சத்திரம்?" என்றார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் தட்டைப் பிடித்தேன்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.

பெயரும் நட்சத்திரமும் சொல்ல விரும்பாதவர்கள் அப்படிச் சொல்வது வழக்கம்தான். குருக்கள் மறுபேச்சில்லாமல் தட்டை வாங்கிக்கொண்டார். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அர்ச்சனை முடிந்து, திருநீறு வாங்கி, செருப்பைத் தேடி எடுத்தோம். வாசலில் நின்றிருந்த அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"என்னா, இப்ப சாமிகிட்டயும் மறைக்கிறியா?"

"சாமிக்குத் தெரியும்ணே" என்றேன். "ஒனக்குத்தான் தெரிய வேணாம்."