என்கொயரி குறையக் கூடாது

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் ஃபேஸ்புக் விளம்பரம் போட்டுத் தருவதுதான் தொழில். பாரிவாக்கத்தில் வீடு கட்டி விற்கும் ஒருவர் எங்களிடம் வந்தபோது அவருடைய விளம்பரக் கணக்கு குப்பைமேடாகக் கிடந்தது. ஆவடிக்கு ஒன்று, வேலப்பன்சாவடிக்கு ஒன்று, புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஒன்று என்று ஊருக்கும் ஆளுக்கும் தனித்தனி விளம்பரம். ஒரே வீட்டைக் கூவி விற்க இத்தனை வாய். எல்லாவற்றையும் இரண்டாகச் சுருக்க வேண்டும், ஆனால் வருகிற என்கொயரி ஒன்றுகூடக் குறையக் கூடாது என்றார் எங்கள் மேனேஜர்.

சொல்வது சுலபம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டால், யாருக்குக் காட்டினால் பலன் என்று ஃபேஸ்புக்கின் மெஷின் அதுவரை கற்றதெல்லாம் போய்விடும். அதனால் வாரத்துக்கு ஒன்றாக நிறுத்தினேன். நன்றாக ஓடிய ஒரு பழைய விளம்பரப் பதிவை மட்டும் தொடவில்லை. அதில் விழுந்திருந்த லைக்கும் கமெண்ட்டும்தான் அதற்கு மரியாதை. அதை அப்படியே தூக்கிப் புதிய விளம்பரத்தில் வைத்தேன்.

அந்தப் பதிவின் கீழே ஒருவர் தினமும் எழுதிக்கொண்டிருந்தார். பாரிவாக்கத்தில் அதே ஆளிடம் ஏற்கெனவே வீடு வாங்கியவர். மழை வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, யாரும் வாங்காதீர்கள் என்று எழுதுவார்.

"டெலீட் பண்ணாதம்மா, பண்ணா அவனுக்குத் தெரிஞ்சிடும். ஹைட் பண்ணு" என்றார் மேனேஜர்.

மறைத்த கமெண்ட் எழுதினவர் கண்ணுக்கும் அவருடைய நண்பர்கள் கண்ணுக்கும் மட்டும் தெரியும். ஊருக்குத் தெரியாது. இப்படி ஒரு அயோக்கியத்தனமான பொத்தானை எவன் கண்டுபிடித்தானோ, அவன் நல்லா இருக்கட்டும். தினமும் காலையில் டீ வருவதற்குள் அவர் எழுதியதை மறைப்பது என் வேலையானது.

எல்லாம் சுருக்கிய பிறகும் என்கொயரி குறையவில்லை. வருகிறவர்கள் நிஜமாகவே வாங்கும் ஆட்களா என்று பார்க்க, விளம்பரத்தில் நம்பர் கொடுத்தவர்களில் சிலரை நானே கூப்பிட்டுப் பேசுவேன். அப்படிக் கூப்பிட்டதில் ஒரு நாள் அந்தக் கமெண்ட்காரரே போனை எடுத்தார்.

"நான் ஊடு வாங்க நம்பர் குடுக்கலம்மா. உங்க ஆளு எவனாச்சும் போன் பண்ணா நாலு வார்த்த நறுக்குனு கேக்கலாம்னுதான் குடுத்தேன். டெய்லி எழுதிகினு கீறேனே, அத்தப் பாத்துட்டு எத்தினி பேரு வாங்காம போயிருப்பான்? அது போதும் எனக்கு."

அந்தப் 'போதும்' எனக்குத் தாங்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். "சார், நீங்க எழுதுறது வேற யாருக்கும் தெரியாது. நாங்க மறைச்சு வெச்சிருக்கோம்."



"அப்ப இத்தினி நாளும் நானே எழுதி நானே படிச்சிகினு இருந்தேனா?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, வீடு பார்க்க வருகிறவர்களைத் தெருமுனையிலேயே நிறுத்திப் பேச ஆரம்பித்தார். என்கொயரி குறையவில்லை. ஆனால் வந்து பார்த்தவர்கள் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பினார்கள். மேனேஜர் காரணம் கேட்டு என் உயிரை எடுத்தார். மழைக்காலம் சார், என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னேன். உள்ளுக்குள் ஒரே குஷி.

அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அவரை விரட்டியது வீடு கட்டினவர் இல்லை. அதே தெருவில், அதே தண்ணீரில் நின்ற அக்கம்பக்கத்துக்காரர்கள். அவரே எனக்குப் போன் பண்ணிச் சொன்னார்.

"'நீ இப்டி கத்திகினே இருந்தா எங்க ஊட்ட எவன் வாங்குவான், நாங்க வித்துட்டுப் போவ வாணாமா'ன்றானுங்க. என் ஊட்டுக்காரிகிட்ட ஒருத்தியும் பேசறதில்ல."

"நீங்க திருப்பிக் கேக்கலையா சார்?"

"இன்னாத்த கேக்கறது? அவனுங்களும் கடன ஒடன வாங்கிக் கட்டிகினு கீறானுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நானும் வித்துடலாம்னு கீறேம்மா. அந்தக் கமெண்ட்டையெல்லாம் நானே எடுத்துட்டேன். உனுக்குத்தான் இந்த வெளம்பரமெல்லாம் தெரியுமே, என் ஊட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடேன். வெயில் காலத்துல எடுத்த போட்டோ கீது, அனுப்பட்டுமா?"