கடல் எந்தப் பக்கம்?

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கல்லூரியில் கேட்டார்கள். வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கான விளம்பரத் தாள் அது. நான் தமிழ் நடத்துகிறவள் என்பதால் இந்த மாதிரி வேலையெல்லாம் என் தலையில்தான் வந்து விழும்.

பெரம்பலூரைப் பற்றி என்ன எழுதுவது? சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துவிடும் ஊர். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும். திரும்பிய பக்கமெல்லாம் கல்லூரி. சாயங்காலம் நாலு ரோட்டில் நின்றால் ஐ.டி. கார்டு தொங்காத கழுத்தைப் பார்ப்பது அரிது. யோசித்து யோசித்து ரஞ்சன்குடிக் கோட்டையை எழுதினேன். சாத்தனூரில் கல்லாகிப் போன மரத்தை எழுதினேன். காரையில் மண்ணோடு மண்ணாகச் சிப்பியும் நத்தையும் கல்லாய்க் கிடக்கும் ஓடைகளை எழுதினேன். ‘பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த பூமி’ என்று ஒரு வரியும் வந்தது. எனக்கே பிடித்த வரி.

அச்சாகி வந்தபோது அது ‘கடலோரப் பகுதியில் ஓர் அழகிய கல்லூரி நகரம்’ என்று மாறியிருந்தது. பின்னால் தென்னை மரமும் அலையுமாக ஒரு படம்.

அட்மிஷனைக் கவனிப்பவரிடம் கேட்டேன். “என்ன சார், பெரம்பலூருக்குக் கடலக் கொண்டாந்துட்டீங்க?”

“படம் நல்லாருக்குல்ல மேடம்? யாரு வந்து பாக்கப் போறா, விடுங்க.”

ஆசிரியர் அறையில் தாள் கை மாறியது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வரும் தோழி, “எங்க வூட்டுக்காரர் இனிமே சவுதிலேர்ந்து கப்பல்லயே வந்து எறங்கிடுவாரு” என்றாள். எல்லோரும் சிரித்தோம். அதோடு மறந்தும் போனேன்.

அட்மிஷன் நாட்களில் எங்களை முறை வைத்து மேசையில் உட்கார வைப்பார்கள். என் முறை வந்த ஒரு நாள் மத்தியானம் ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு மீனவர் குப்பம். விடியுமுன்னே கிளம்பி, தஞ்சாவூரிலும் அரியலூரிலும் பஸ் மாறி வந்திருந்தார்கள். அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். கை விரல்களில் கயிறு அறுத்த பழைய தழும்புகள். ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கென்று ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்திருந்தார்.

“அத மொதல்ல வெளிய வைங்க” என்றார் அட்மிஷன்காரர், மூக்கைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பெண் சட்டென்று பையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். நான் குனிந்து பேனாவைத் தேடினேன்.

அப்பா சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்து மெலிந்துபோன அந்தத் தாளை எடுத்து என் முன்னால் விரித்தார்.

“கடல் எந்தப் பக்கம் டீச்சர்? பஸ்லேர்ந்து பாத்துக்கிட்டே வந்தேன். காத்தே தெரியல.”

அட்மிஷன்காரர் முந்திக்கொண்டார். “இருக்குங்க. கொஞ்சம் தள்ளி. மேடமே வேன்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க.” பிறகு என் பக்கம் குனிந்து, “காரைக்குக் கூட்டிட்டுப் போங்க மேடம். பாத்தா அசந்துடுவாங்க” என்றார்.

வேனில் அப்பா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தார். மகளை அவ்வளவு தூரம் அனுப்ப அவள் அம்மாவுக்குச் சம்மதமில்லையாம்.

“நாந்தான் சொன்னேன். அடி, அங்கயும் கடல் இருக்கு. கடல் இருந்தா நம்ம சனம் இருக்கும். நாலு வீடு தள்ளிப் போனா யாரோ ஒருத்தருக்கு என் பேரு தெரிஞ்சிருக்கும். புள்ளைக்கு ஒண்ணுன்னா ஓடி வருவாங்கன்னு. அப்பறந்தான் சரின்னுச்சு.”

அந்தத் தாளை நான் அழகு என்றும் விளம்பரம் என்றும்தான் பார்த்திருந்தேன். இந்த மனிதர் அதில் தன் மகளுக்கு ஒரு காவலைப் படித்திருக்கிறார். அப்போதே சொல்லியிருக்கலாம். ஹைவேயை விட்டு வேன் கிழக்கே திரும்பியது. பருத்திக் காடுகள் போயின. நான் சொல்லவில்லை.

காரையில் இறங்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மண்ணும் வெளிர்மண்ணுமாக அரித்துக் கிடந்த மேடும் பள்ளமும். மரம் இல்லை. வெயில் மட்டும். அவர் ஒரு மேட்டின் மேல் ஏறி நின்று, கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு தூரத்தில் தேடினார். ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் பின்னால் நின்றுகொண்டு அதைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

“கடல் இல்லீங்க” என்றேன். “எப்பவோ, மனுஷங்களே இல்லாத காலத்துல இருந்துச்சு. இந்தக் கல்லெல்லாம் அப்பத்திய சிப்பி. தாள்ல தப்பாப் போட்டுட்டாங்க.”

அவர் முதலில் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் சங்கடப்படக் கூடாது என்பதற்காகவே இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

“எனக்குத் தெரியும்ப்பா” என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி. “தாள் வந்த அன்னைக்கே போன்ல மேப் பாத்தேன். சொன்னா அம்மா அனுப்பாதுன்னு சொல்லல.”

“தெரியுமா?”

“எனக்குப் படிக்கணும்ப்பா.”

அவர் அவளைத் திட்டவில்லை. மேட்டின் மேலேயே குந்தி உட்கார்ந்தார். கல்லாகிப்போன ஒரு சிப்பியை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மனைவி. வெட்டவெளியில் அந்தம்மாவின் குரல் எங்களுக்கும் கேட்டது. எடமெல்லாம் எப்படி, கடலப் பாத்தியளா?

அவர் எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

“பாத்தாச்சு. முன்னாலதான் நிக்கிறேன். நல்ல எடந்தான். நம்ம ஆளுங்க இருக்காங்க. நீ பயப்படாத.”

போனை வைத்த பிறகு வெகுநேரம் அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மகள் அழுதாள். நான் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றேன். “நான் பாத்துக்கறேங்க” என்று சொன்னேன். என் காதுக்கே அது இன்னொரு விளம்பரம் மாதிரி ஒலித்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மகள் சேர்ந்தாள். நான் முதல்வரிடம் போய்த் தாளை மாற்றச் சொன்னேன். மிச்சம் இருப்பது தீரட்டும் என்றார். அடுத்த வருடத் தாளில் கடற்கரைப் படம் போய்க் கட்டடத்தின் படம் வந்தது. கடலோரம் என்ற சொல்லும் போயிற்று. அந்தப் பெண் நன்றாகப் படித்தாள். வகுப்பில் நெய்தல் திணை நடத்தும்போது மட்டும் அவள் உட்கார்ந்திருக்கும் பக்கம் என் கண் போகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டேன். மீன் வாங்கத் துணியவில்லை. எங்கள் ஊருக்கு ஐஸ் பெட்டியில் வரும் மீனை அவள் தட்டில் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆண்டு விழாவுக்கு அவள் அம்மா தனியாக வந்திருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அவங்க வரலீங்களா?” என்றேன்.

“வரமாட்டேன்னுட்டாரு டீச்சர். உங்க முன்னால நின்னு எங்கிட்ட பொய் சொல்லிட்டாராம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுங்கறாரு. அன்னைக்கு வீட்டுக்குள்ள வந்ததுமே எல்லாத்தயும் சொல்லி அழுதுட்டாரு. கடலுக்குப் போறப்பக்கூட அந்த மனுசன் அப்படிக் கலங்கிப் பாத்ததில்ல.”

நாங்கள் அச்சடித்த பொய்க்கு அவர் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு விழா மேடையில் நின்று வரவேற்புரை படிக்க வேண்டியிருந்தது. படித்தேன். என்ன படித்தேன் என்று நினைவில்லை.

இறங்கி வந்ததும் அந்தம்மாவின் போனிலிருந்தே அவரை அழைத்தேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். மன்னிச்சுக்குங்க என்றேன்.

“கேக்கல டீச்சர். கரையில நிக்கிறேன்.”

கல்லூரி வராந்தாவில் நின்று, பிள்ளைகள் திரும்பிப் பார்க்க, மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். தப்பு எங்க மேல, நீங்க வாங்க, உங்கள நான் பாக்கணும் என்றேன்.

இந்த முறை அவருக்குக் கேட்டுவிட்டது.

“அதெல்லாம் எதுக்கு டீச்சர்” என்றார். “போனை அதுகிட்டக் குடுங்க. பஸ்ஸு தவறிடப் போவுது.”