வடிகட்டிய கஞ்சி

1964 ஆகஸ்ட் 12, புதன்கிழமை. வழக்கம்போல் விடிவதற்கு முன் எழுந்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, கஞ்சியைத் துணியில் வடிகட்டிப் பித்தளைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்று. மறுநாள் அறுவை. சில நாட்களாகவே அவருக்கு வடித்த கஞ்சியும் இளநீரும் மட்டும்தான். கூடவே குடலின் கிருமிகளைக் கொல்ல மாத்திரை, காலையும் மாலையும் எனிமா. “உள்ள அழுக்கிருந்தா, வெட்டுறப்ப வயித்துக்குள்ள சிந்திரும். சீழ் வச்சிட்டா அப்புறம் என் கையில இல்ல” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, திங்கட்கிழமையே ஆயக்குடியிலிருந்து வந்து துணைக்கு இருந்தார். “ஏனுங்கண்ணா, இப்படி எலும்பாக் கெடக்கறீங்க?” என்று அழுதவரிடம், “கத்திக்குத் தோதா இளைச்சுக்கிட்டு இருக்கேன், ஆத்தா” என்றார் அப்பா.

அன்று மாலை எனிமா முடிந்ததும் நர்ஸ் பேசினை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடியில் கொய்யா விதைகள்.

“யாருய்யா பழம் குடுத்தது?”

அத்தை முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“நாந்தான் கேட்டு வாங்கித் தின்னேன், சிஸ்டர். நாக்கு செத்துப் போச்சு” என்றார் அப்பா.

அப்பாவுக்குப் பல் கிடையாது. யாராவது நசுக்கி ஊட்டாமல் கொய்யா உள்ளே போயிருக்காது. நர்ஸுக்கும் அது தெரிந்திருக்கும். அவர் டாக்டரிடம் போனார். அறுவை தள்ளிப்போனது. இரவு வீடு திரும்பும் வழியில் அத்தை தானாகவே சொன்னார்: “வெளியூர் போறவங்களுக்கே சோறு போட்டுத்தான அனுப்பறோம், சாமி. வெறும் வயித்தோட கத்திக்கு எப்படி அனுப்பறது?” கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மறு வாரம், குடலை முதலிலிருந்து சுத்தம் செய்து அறுத்தார்கள். அப்படியும் சீழ் வைத்தது. அப்பா பிழைக்கவில்லை. விதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதுதான் திரும்பச் சுத்தம் செய்தோமே என்றார் டாக்டர். அத்தை அதை நம்பவேயில்லை. அதன் பிறகு அவர் வீட்டில் யாரும் கொய்யா நறுக்கி நான் பார்த்ததில்லை. தூக்கு இப்போது என் அலமாரியில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்குகிறேன். எதுவும் ஊற்றுவதில்லை.

விதை அகப்பட்டதற்கு மறுநாள், அந்த வியாழக்கிழமை காலை, முதல் வேலையாகக் கஞ்சியை இரண்டு தரம் வடிகட்டினேன். மூடியை அழுத்தி, தூக்கை அத்தையின் கையில் கொடுத்தேன்.

“நீங்களே குடுங்கத்தை” என்றேன்.