கத்த வராத கணவன் வேஷம்

மே தின விழாவுக்குச் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் பிளாக் பெண்கள் போடும் நாடகத்தில் ஆண் வேஷமும் பெண்களேதான் கட்ட வேண்டும். இந்த முறை கணவன் வேஷம் எனக்கு என்று டீச்சர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாடகத்தை எழுதுவதும் அவர்தான், எங்களை ஆட்டிவைப்பதும் அவர்தான். நானோ வருஷா வருஷம் திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்குக் கிசுகிசுவென்று எடுத்துக் கொடுத்தே காலத்தை ஓட்டியவள். இந்த ஒரு தடவையாவது நாலு பேர் என்னைப் பார்க்கட்டும் என்று ஆசை வந்துவிட்டது.

வேஷம் ஒன்றும் பிரமாதமில்லை. நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிற ஒரு மனுஷன். பாத்திரம் விழுந்த சத்தத்தில் எழுந்து வந்து, "வூடா இது, சந்தையா? மனுஷன் தூங்க வாணாமா?" என்று கத்த வேண்டும். அந்த ஒரு கத்தலை நம்பித்தான் நாடகமே நிற்கிறது. என் வீட்டுக்காரர் இந்த வசனத்தை இருபது வருஷமாக எனக்கு இலவசமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார். "அவரை அப்படியே செஞ்சிடும்மா, போதும்" என்றார் டீச்சர்.

செய்தேன். நடை வந்தது. லுங்கியை மடித்துக் கட்டுவது வந்தது. கண்ணைத் திறக்காமலே தண்ணீர்ச் சொம்பைத் துழாவுவதுகூட வந்தது. கத்தல் மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்று.

"கடைசி வரிசைக்குக் கேக்கணும்மா. நீ கோவப்படுறியா, ரகசியம் சொல்றியான்னே தெரியல" என்றார் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைக்குள் குரல் எழும்பாவிட்டால், அடுத்த தெருவில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு வேஷம் போய்விடும் என்றும் சொல்லிவிட்டார். அவள் சாதாரணமாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் பழகலாமே என்றால் எங்கே பழகுவது? சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடுவதைக் கவனிக்கிற வேலை என் வீட்டுக்காரருக்கு. அந்த வாரம் பார்த்து நைட் ஷிப்ட். நைட் ஷிப்ட் வாரத்தில் எங்கள் வீட்டில் குக்கர் விசில்கூட அடிக்கக் கூடாது. அரிசியைப் போட்டு மூடி, குக்கரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி வீட்டுக்குப் போய் விசில் விட்டுக்கொண்டு வருவேன். அவள் வீட்டில் நைட் ஷிப்ட் என்றால் அவள் குக்கர் இங்கே வரும். இந்த லட்சணத்தில் நான் கத்திப் பழக வேண்டுமாம்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கத்திப் பார்த்தேன். குழாய்தான் ஜெயித்தது. பக்கத்து வீட்டுக்கே போனேன். முத்தாண்டிக்குப்பத்துக்காரி, தங்கமான பெண். "உள்ள வாக்கா, நல்லா கத்து, ஆரு கேக்கப் போறா" என்றாள். நான் மூச்சை இழுப்பதற்குள் அவளே என் வாயைப் பொத்தினாள். "அய்ய, மறந்தே பூட்டேன். மேல் வூட்டுக்காரருக்கும் நேத்துலேருந்து நைட்டு. தூங்கிகினு இருப்பாரு." யாராவது ஒருத்தர் தூங்கிக்கொண்டே இருக்கிற ஊரில் எந்தப் புண்ணியவான் நாடகம் போடச் சொன்னானோ தெரியவில்லை.

சனிக்கிழமை ஒட்டுமீசை வாங்கப் பண்ருட்டி போனேன். பலாப்பழ மண்டிப் பக்கம் எல்லோரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். இங்கே நானும் கத்தினால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று ஓரமாக நின்று வாயைத் திறந்தேன். "இன்னாம்மா வோணும்?" என்று ஒரு வியாபாரி திரும்பினார். "சின்னதா ஒரு பழம்" என்றேன், அதையும் மெதுவாகத்தான். கொளுத்துகிற வெயிலில் பலாப்பழத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வழக்கம்போலக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். வழக்கம்போலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். பழத்தைக் கைக்குழந்தையைக் கிடத்துவது மாதிரி தரையில் வைத்தேன். உள்ளே குறட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டிலேயே திருடி மாதிரி நடந்து நடந்து, இருந்த குரலும் போய், நாளைக்கு வேஷமும் போகப் போகிறது. நடப்பது நடக்கட்டும் என்று ஹாலின் நடுவில் நின்று கத்தினேன்.

"வூடா இது, சந்தையா? மனுஷன் தூங்க வாணாமா?"

என் தொண்டைதானா என்று எனக்கே பயமாகிவிட்டது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன்.

வந்தார். கண் இன்னும் திறக்கவில்லை. நழுவுகிற லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அறை வாசலில் விறைப்பாக நின்றார்.

"தூங்கல சார். பெல்ட்டதான் சார் பாத்துகினு இருந்தேன்."

அவருக்கு இப்படி ஒரு குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "நான்தாங்க" என்றேன். கண்ணைக் கசக்கி என்னைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

வேஷம் எனக்கே நிலைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் நான் போட்ட சத்தத்தில் டீச்சர் கையே தட்டிவிட்டார். எனக்குத்தான் சந்தோஷமாக இல்லை. வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த மனுஷன் எதிரே வந்து விறைத்துக்கொண்டு நிற்கிறார். இருபது வருஷக் கோபத்தை மேடையில் ஒருநாளாவது நிம்மதியாகக் கத்தித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.