பஞ்சு ஆடிய மைதானம்

பஞ்சு போன மாதம் காலமானாள். அவள் வேலை பார்த்த மருத்துவமனையில் ஒட்டியிருந்த அறிவிப்பில், சலவைப் பிரிவின் மூத்த ஊழியர் என்று மட்டும் போட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கல்லூரிக்குக் கூடைப்பந்தில் அவளைப் போலப் புள்ளி எடுத்தவள் அவளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தான் ஆடியதைப் பற்றி அங்கே யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை.

பஞ்சு அவளுடைய நிஜப் பெயர் அல்ல. அவள் எறியும் பந்து வளையத்தின் இரும்பில் உரசாமல் வலைக்குள் இறங்கும். சத்தமே வராது. யாரோ பஞ்சு என்றார்கள், அதுவே ஒட்டிக்கொண்டது. அணியில் பந்தைக் கடத்திக் கொடுப்பது என் வேலை, போடுவது அவள் வேலை. வலது மூலையில் போய் நின்றுகொண்டு இடக்கையை இடுப்புக்குக் கீழே ஆட்டுவாள். ‘கொடுடீ’ என்று அர்த்தம். கொடுத்த கையோடு நான் திரும்பி ஓட ஆரம்பித்துவிடுவேன். உள்ளே போகிறதா என்று நின்று பார்ப்பது அவளை அவமதிப்பது மாதிரி.

கல்லூரியில் சேரும்வரை அவள் கூடைப்பந்தைத் தொட்டதே இல்லை. தையல்காரர் மகள். உயரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர்தான் பிடித்து இழுத்து வந்தார். மாஸ்டர் என்போம் அவரை. அந்த மைதானம் அவருக்குப் பெற்ற பிள்ளை. நாங்கள் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான், வெடித்துக் கிடந்த பழைய தரைமேல் நிர்வாகத்திடம் கெஞ்சிக் கூத்தாடிப் புதிதாகச் சிமெண்டு போட வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் அப்படியொரு தரை வேறெங்கும் இல்லாததால் கல்லூரிப் போட்டிகள் எல்லாமே எங்களிடம்தான் நடந்தன. வருகிற அணிகள் திணறும். கெட்டிக்கார ஆட்டக்காரிகள் எறிந்த பந்துகூட வளையத்தைத் தாண்டிப் போய்ப் பலகையில் மோதித் திரும்பும். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். “நம்ம மண்ணு அப்படி” என்று மாஸ்டர் மீசையைத் தடவிக்கொள்வார்.

கடைசி வருடம் ஒரு வங்கி தன் பெண்கள் அணிக்கு ஆள் எடுத்தது. தேறினால் வேலையும் உண்டு. அவள் அப்பாவுக்குக் கண் மங்கி ஊசியில் நூல் கோக்க முடியாமல் போயிருந்த நேரம், வீடே அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் எங்கள் இருவரையும் கூட்டிப் போனார். நான் தேறமாட்டேன் என்பது ஊரறிந்த விஷயம், துணைக்குத்தான் போனேன்.

பெரிய உள்ளரங்கம். பஞ்சு தன் மூலையில் நின்று எறிந்தாள். பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் தெறித்தது. அடுத்ததும் அங்கேயே பட்டது. அதற்கடுத்ததும். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நின்று பார்த்தேன். தேர்வாளர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “பாவம், பொண்ணுக்குக் கை நடுங்குது” என்றார். அது அவள் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நிஜமாகவே நடுங்கியது.

திரும்பும்போது பேருந்தில் மாஸ்டர் அவள் தலையில் கை வைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. “பரவாயில்லம்மா. பெரிய இடத்தைப் பாத்ததும் பயந்துட்ட. எல்லாருக்கும் வர்றதுதான்” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவள் அதை அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். தான் ஒரு பயந்தாங்கொள்ளி என்பதில் அதற்கப்புறம் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

பந்தைத் தொடுவதை விட்டாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் சேர்ந்தாள். நீராவியில் வியர்த்து வழியும் நிலவறை அது. விரிப்புகளை மடித்துக் கட்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் மேல்தட்டுக்கு வீசுவாள். கட்டு போய்ச் சொன்ன இடத்தில் உட்காரும்.

சூப்பர்வைசர் வேலையை அவளுக்கே கொடுக்கிறோம் என்றார்கள். மாடிக்குப் போய் டாக்டர்கள் முன்னால் பேச வேண்டியிருக்கும். “பெரிய இடமெல்லாம் எனக்கு ஆகாது” என்று மறுத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஸ்கூட்டர் உறை போட்டபடியே நின்று, பிறகு கைமாறிப் போனது. மகளுக்கு வெளிநாட்டில் நல்ல வேலை கிடைத்தபோதும் போகவிடவில்லை. “தனியா சமாளிக்க முடியாது அவளால. என் ரத்தம்தானே” என்றாள். நான் திட்டாத திட்டு இல்லை.

“ஒரு நாள் பந்து போகலன்னா அதையே கட்டிக்கிட்டு அழுவியாடீ?”

“உனக்குத் தெரியாதுடீ. என் கையைப் பத்தி எனக்குத்தான் தெரியும்.”

போன வருடம் கார் நிறுத்துமிடம் கட்டுவதற்காகக் கல்லூரியில் அந்த மைதானத்தை உடைத்தார்கள். கேள்விப்பட்டு ஒரு நடை போய்ப் பார்த்தேன். வெட்டிய இடத்தில் தரை இரண்டு அடுக்காகத் தெரிந்தது. மேலே மாஸ்டர் போட வைத்த சிமெண்டு. அதற்கடியில் பழைய தரை, மஞ்சள் கோடுகூட அழியாமல் இருந்தது. மேல் அடுக்கில் கையை வைத்துப் பார்த்தேன். நாலு விரல் கனம் இருந்தது. வளையத்தைத் தாங்கிய கம்பங்கள் பழைய தரையில் நட்டது நட்டபடியே நின்றன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தரை உயர்ந்திருக்கிறது, வளையத்தை யாரும் உயர்த்தவில்லை. எங்கள் வளையங்கள் இரண்டுமே நாலு விரல் தாழ்வு. வந்தவர்கள் பந்து தாண்டிப் போனதும் அதனால்தான். அந்தத் தாழ்வுக்கே பழகிய பஞ்சுவின் கை, சரியான உயரத்தில் தொங்கிய வளையத்துக்கு அதே நாலு விரல் குறைவாகத்தான் எறியும். அவள் கை அன்று தப்பே செய்யவில்லை.

மாஸ்டர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். நான் நேரே சலவைப் பிரிவுக்கு ஓடினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். நான் நீட்டிய நாலு விரலோடு தன் விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். பிறகு துணிக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப நான் பயப்படலயா?”

“இல்லடீ.”

“அந்த சூப்பர்வைசர் வேலை?”

“தாராளமா பாத்திருக்கலாம்.”

“வண்டி?”

“ஓட்டியிருக்கலாம்.”

மகளைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. போனை எடுத்து அவளையே கூப்பிட்டாள். பக்கத்தில் இருந்ததால் மறுமுனையும் எனக்குக் கேட்டது.

“அந்த வெளிநாட்டு வேலைக்கு இப்ப போக முடியுமாடா? கேட்டுப் பாக்கறியா?”

“என்னம்மா இது? அதெல்லாம் முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு. ஏன் திடீர்னு கேக்கறீங்க?”

“ஒண்ணுமில்லடா. சும்மாதான் கேட்டேன்” என்று போனை வைத்துவிட்டு, பஞ்சு அடுத்த விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.