எங்கள் ஊர் வலையில் ஓர் ஓட்டை

கொக்குவிலில் எங்கள் படலைக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருகிற றெஜி, என் பிறந்த ஊர்ப் பெடியன். இன்று விளைமீன் வெட்டிய கத்தியை அவன் துடைத்த துணியை உற்றுப் பார்த்தேன். நீலமும் வெள்ளையும். எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்து ஜேர்சி.

"டேய், உது எங்கடை ஜேர்சியெல்லே?"

"ஓம் அக்கா. நல்லாத் தண்ணி இழுக்குது."

என் மனுசன் இணுவில்காரர், கிரிக்கெட் பைத்தியம். பந்தடியில் தோற்றதற்கு வீட்டில் செத்தவீடு நடத்தியவள் என்று என்னைப் பற்றிச் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும். அவருக்கு அந்த மைதானத்தின் மணம் தெரியாது. கருவாடும் வியர்வையும், அரைநேரத்தில் உரிக்கிற தோடம்பழமும் கலந்த மணம். ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் போவார். பெட்டைப்பிள்ளைக்கு என்ன பந்தடி என்று மாமிமார் முகத்தைச் சுளிப்பார்கள். வேலைக்குப் போன பிறகும் நான் விடவில்லை. மைதானத்து மதிலடியில் நின்று கத்திவிட்டு, திங்கட்கிழமை கந்தோரில் தொண்டை கட்டிப்போய்க் கைச்சாடையால் கதைப்பேன்.

எங்கள் ஊரில் கோல் வலையைக் கடையில் வாங்குவது மானக்கேடு. மீன்பிடி வலையிலிருந்து நாங்களே செய்வோம். மற்ற ஊர்க்காரர் வந்து தொட்டுப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட வலையில்தான் ஓட்டை.

இரண்டு வருசத்துக்கு முன், பருவத்தின் கடைசி ஆட்டம். சமன் செய்தால் முதலாம் பிரிவில் நிற்போம், தோற்றால் கீழே. தொடங்குமுன் மத்தியஸ்தர் கோலின் பக்கவாட்டு வலையில் ஓர் ஓட்டையைக் காட்டி, பொத்திவிடச் சொன்னார். கழகத் தலைவருக்கும் செயலாளருக்கும் கதைபேச்சு இல்லாத காலம் அது.

"அது செயலாளரின்ரை வேலை," என்றார் தலைவர்.

"தலைவர் வாயாலை சொல்லட்டும்," என்றார் செயலாளர்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டே வலை பொத்தக்கூடியவர்கள். பாவிகள், ஒருவரும் அசையவில்லை. பொத்தினால் ஒரு பக்கத்து ஆள் என்று பெயர் வந்துவிடுமாம்.

ஒரு கோல் பின்னால் நின்றோம். முடியப் போகிற நேரம் றெஜி அடித்தான். ஓம், இதே றெஜிதான். பந்து கம்பத்துக்கு உள்ளால் போய், அந்த ஓட்டையால் வெளியேறி, மதிலடியில் என் காலில் வந்து முட்டியது. தூரத்தில் நின்ற மத்தியஸ்தர் கோல் இல்லை என்று கையைக் காட்டினார்.

"உள்ளுக்காலை வந்தது சேர், நான் கண்டனான்!"

"பந்து வெளியிலையெல்லோ கிடக்குது, பிள்ளை."

இறங்கினோம். அப்பா செத்ததற்குக்கூட நான் அப்படி அழவில்லை. அடுத்த பருவத்துக்கு அணியே இல்லை. பெடியள் வேறு கழகங்களுக்குப் போனார்கள். றெஜி மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியைக் கட்டினான். தலைவரும் செயலாளரும் இன்றைக்கும் ஆளையாள் குற்றம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இரண்டு பேரையும் நான் மன்னிக்கப் போவதில்லை.

றெஜி வெளிக்கிடும்போது மனம் கேளாமல் கேட்டேன்.

"அந்த வலை என்னாச்சு?"

"அடுத்த நாளே பொத்திப்போட்டினம் அக்கா. இப்ப கருவாட்டுக்கு மேலை விரிச்சுக் கிடக்கு. ஒரு காகம் மூக்கை நுழைக்கேலாது."